கேஜைக் கழற்றி வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் ஸ்கூபா டைவிங் கருவிகள் பற்றி வந்த கட்டுரையை என் அக்கா மகள் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் நிலைப் பயிற்சியை இப்போதுதான் முடித்திருக்கிறாள். 18 மீட்டர் வரை இறங்கலாம். கையில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஆழம், நேரம் பார்க்கும் டைவ் கம்ப்யூட்டர் ஒன்று சொந்தமாக வாங்க வேண்டும் என்று ஒரு மாதமாக அதே பேச்சு. கட்டுரையில் ஒரு வரியைப் பேனாவால் அடிக்கோடிட்டிருந்தாள். வயர்லெஸ் கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் சிலிண்டர் அழுத்தம் காட்டும் கேஜும் அதன் குழாயும் இனித் தேவையில்லை என்பது அந்த வரி. “மாமா, அப்போ கேஜே வேண்டாமா?” என்று கேட்டாள்.

அவளுக்குச் சொன்ன பதிலை அந்தக் கட்டுரையைப் படித்த மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் ஒரு தொழிற்சாலையில் 27 வருடமாகக் கருவிப் பராமரிப்பு வேலை பார்ப்பவன். பிரஷர் கேஜ், டிரான்ஸ்மிட்டர், வால்வு இவற்றோடுதான் என் பகல் போகிறது. 11 வருடமாக டைவிங் செய்கிறேன். வயர்லெஸ் கம்ப்யூட்டர் எனக்குப் பிடிக்காத பொருள் இல்லை. 6 வருடமாக ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன். நாளைக்கு வேறு வாங்கினாலும் வயர்லெஸ்தான் வாங்குவேன். ஆனால் அந்த ஒரு வரி தவறு.

எங்கள் ஆலையில் கொதிகலனின் அழுத்தம் கண்ட்ரோல் ரூம் திரையில் தெரியும். அப்படியும் கொதிகலன் மேலேயே முள் வைத்த கேஜ் ஒன்று இருக்கும். திரை அணைந்தாலும், வயர் அறுந்தாலும், அந்த முள் காட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு மின்சாரம் வேண்டாம். உள்ளே வளைந்த சின்னக் குழாய் ஒன்று இருக்கிறது. அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் திருப்பும். 1849-இல் பிரான்சில் யூஜின் பூர்டோன் காப்புரிமை வாங்கிய அமைப்பு. டைவர்களின் இடுப்போரம் குழாய் நுனியில் தொங்கும் கேஜுக்குள் இருப்பதும் அதே தத்துவம்தான்.

வயர்லெஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் கருவி ரெகுலேட்டர். அதன் முதல் நிலையில், அதாவது சிலிண்டர் வால்வில் மாட்டும் பகுதியில், உயர் அழுத்தத் துளை ஒன்றிரண்டு இருக்கும். அதில் கட்டைவிரல் பருமனில் ஒரு டிரான்ஸ்மிட்டரைத் திருகி மாட்டுவார்கள். அது சிலிண்டர் அழுத்தத்தை அளந்து சில விநாடிக்கு ஒருமுறை ரேடியோ அலையில் அனுப்பும். கையில் கட்டிய கம்ப்யூட்டர் வாங்கிக் காட்டும். தண்ணீருக்குள் ரேடியோ அலை சீக்கிரமே செத்துவிடும், அதிலும் கடல் உப்புநீரில் இன்னும் சீக்கிரம். போனில் இருக்கும் ப்ளூடூத் அலை கடல்நீரில் சில சென்டிமீட்டருக்கு மேல் போகாது. அதனால் பல டிரான்ஸ்மிட்டர்கள் 38 கிலோஹெர்ட்ஸ் போல மிகக் குறைந்த அதிர்வெண்ணில் பேசுகின்றன. அதுவும் ஒரு மீட்டர், கொஞ்சம் கூட, அவ்வளவுதான் எட்டும். சிலிண்டர் தலையிலிருந்து மணிக்கட்டு வரை போதும். கையை முழுதாக நீட்டினால் சில நேரம் எண் நின்றுவிடும், மடக்கினால் திரும்பி வரும். கேமரா பிளாஷ் அடிக்கும்போதும் சில மாடல்களில் விட்டுப்போகும். கார்மின் நிறுவனம் சில மாடல்களில் ரேடியோவை விட்டுவிட்டு ஒலியலையைப் பயன்படுத்துகிறது. ஒலி தண்ணீரில் நன்றாகப் போகும் என்பதால் 10 மீட்டர் தள்ளி இருக்கும் கூட்டாளியின் சிலிண்டர் அழுத்தத்தைக்கூட அதில் பார்க்க முடிகிறது. எந்த அலையாக இருந்தாலும் நடுவில் ஒரு பேட்டரி, ஒரு மூடி, தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஒரு ஓ-ரிங் இருக்கிறது. எனக்குக் காலை வாரியது அந்த ஓ-ரிங்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது. அந்தச் சமயம் நானும் கேஜைக் கழற்றி வைத்திருந்தேன். இரண்டு மாதமாக ஒரு குழாய் குறைந்ததில் உடம்பு லேசாக, பாறை எதிலும் சிக்காமல், சுகமாகத்தான் இருந்தது. அன்றைக்கு 22 மீட்டரில் நானும் ஒரு நண்பரும். 19-ஆவது நிமிடம் பார்த்தபோது சிலிண்டர் அழுத்தம் 118 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு, நிறைந்த சிலிண்டரில் 200 இருக்கும்). பாறை இடுக்கில் ஒரு பெரிய விலாங்கு தலையை நீட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி மணிக்கட்டைப் பார்த்தேன்: 118. நான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன், எண் அசையவில்லை. எனக்குப் புரிவதற்குள் எண் மறைந்து மூன்று சின்னக் கோடுகள் வந்தன. கையை மடக்கிக் காதருகே கொண்டுபோனேன், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். கோடுகள் அப்படியே இருந்தன.

நண்பரிடம் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, உள்ளங்கையை ஆட்டி, கட்டைவிரலை மேலே காட்டினேன்: ஏதோ சரியில்லை, ஏறுவோம் என்று. அவர் தன் கேஜைத் தூக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினார், 100 பார். ஏறினோம். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, வழக்கம்போல 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம். படகில் ஏறி, இன்னொருவரின் ரெகுலேட்டரை என் சிலிண்டரில் மாட்டிப் பார்த்தால் 82 பார் இருந்தது. பயப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் ஏறி வந்த அந்த ஆறு நிமிடமும் எனக்கு அது தெரியாது. 5 மீட்டரில் நின்ற மூன்று நிமிடமும் ஒவ்வொரு மூச்சையும் இது கடைசியாக இருக்குமோ என்று எண்ணிக்கொண்டே இழுத்தேன். கூட்டாளி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார், அவரிடம் ஆக்டோபஸ், அதாவது எனக்குக் கொடுக்க உபரியான மூச்சுக் கருவி, இருந்தது, எல்லாம் தெரியும். தெரிந்தும் இதயம் கேட்கவில்லை.

டிரான்ஸ்மிட்டர் மூடியைத் திறந்தபோது ஓ-ரிங் மேல் குறுக்காக ஒரு தலைமுடி கிடந்தது. அதன் வழியே ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பேட்டரியை மாற்றியது முந்தின இரவு, நான்தான். ஆலையில் ஆயிரம் ஓ-ரிங் மாற்றியிருக்கிறேன், ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் மூடுவேன். அன்று இரவு பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, கேஜையும் குழாயையும் எடுத்து மறுபடி மாட்டியது. அப்புறம் கழற்றவே இல்லை.

கேஜ் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. சிலிண்டர் வால்வைச் சிலர் முழுதாகத் திறக்காமல் விட்டுவிடுவார்கள். அல்லது உதவிக்கு வந்தவர் திறப்பதாக நினைத்து மூடி, கொஞ்சம் மட்டும் திருப்பி விட்டிருப்பார். மேலே இருக்கும்போது மூச்சு வந்துவிடும். 20 மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று வேண்டும், அங்கே வால்வு தராது. இதை மேலேயே கண்டுபிடிக்க எளிய வழி, கேஜைப் பார்த்துக்கொண்டே நாலு மூச்சு ஆழமாக இழுப்பது. வால்வு சரியாகத் திறந்திருந்தால் முள் அசையாது. பாதி மூடியிருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே துள்ளி மேலே வரும். டிரான்ஸ்மிட்டர் சில விநாடிக்கு ஒருமுறைதானே அளக்கிறது? அந்தத் துள்ளல் இரண்டு அளவுக்கு நடுவில் நடந்துவிட்டால் திரையில் 200 என்றுதான் நிற்கும். என் அக்கா மகளுக்கு இதை நேரிலேயே செய்து காட்டினேன். வால்வை மூடிக் கால் திருப்பு மட்டும் திறந்துவிட்டு மூச்சு இழுக்கச் சொன்னேன். முள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு என் மணிக்கட்டைப் பார்த்தாள். அங்கே எண் அசையாமல் இருந்தது. அதற்கப்புறம் கேஜ் வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை.

சரி, எந்தக் கம்ப்யூட்டர் வாங்குவது? இந்தக் கேள்வியோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்களுக்கு சொந்தமாக ரெகுலேட்டர் இருக்கிறதா என்பதுதான். இல்லையென்றால் டிரான்ஸ்மிட்டர் இப்போது வேண்டாம். போகிற இடத்தில் எல்லாம் வாடகை ரெகுலேட்டரில் உயர் அழுத்தத் துளையின் அடைப்பைக் கழற்றி உங்கள் டிரான்ஸ்மிட்டரை மாட்ட விடுவார்கள் என்று சொல்ல முடியாது. சில ரெகுலேட்டரில் காலியான உயர் அழுத்தத் துளையே இருக்காது. ஆனால் கம்ப்யூட்டரை மட்டும், பின்னால் டிரான்ஸ்மிட்டர் சேர்க்க முடிகிற மாடலாகப் பார்த்து வாங்கலாம். ஒன்று மட்டும் கவனம்: எல்லா டிரான்ஸ்மிட்டரும் எல்லா கம்ப்யூட்டரோடும் பேசாது. தனித்தனியாக வாங்கினால் இரண்டும் சேருமா என்று பெயர், மாடல் எண்ணோடு கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது திரை. கடைக்காரர்கள் நினைவகம், நிறம், போன் செயலி என்று அடுக்குவார்கள். எனக்கு வயது 49. கண்ணாடி இல்லாமல் சின்ன எழுத்து தெரியாது, தண்ணீருக்குள் கண்ணாடி போட முடியாது. ஆழம், மீதமுள்ள தடையற்ற நேரம் (நடுவில் கட்டாயமாக நிற்காமல் மேலே வர முடிகிற நேரம்), சிலிண்டர் அழுத்தம் இந்த மூன்றும் ஒரே பக்கத்தில், பட்டன் எதையும் அழுத்தாமல், பெரிய எண்ணில் தெரிய வேண்டும். இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அழகான திரையில் அழுத்தம் மட்டும் ஓரமாகக் கடுகு மாதிரி இருந்தால் அந்த மாடலை வைத்துவிட்டு வந்துவிடலாம். வாங்குவதற்கு முன் முகமூடியைப் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, கையை நீட்டிப் பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு பட்டனை அழுத்திப் பாருங்கள். கடையில் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

அதோடு, தொடர்பு விட்டுப்போனால் திரை அதை எப்படிக் காட்டுகிறது என்று கையேட்டில் தேடிப் படியுங்கள். பழைய எண்ணையே எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது, நிறம் மாற்றுகிறதா, அதிர்கிறதா? என் பழைய கம்ப்யூட்டர் 118 என்ற பொய்யை அமைதியாகக் காட்டிக்கொண்டு நின்றது. இப்போது என்னிடம் இருப்பது முதலில் எண்ணை மஞ்சளாக்குகிறது, பிறகு எழுத்தில் எச்சரிக்கிறது. விளம்பரத்தில் இந்த விஷயம் வராது. இருந்தாலும் இதைப் பார்த்துத்தான் நான் மாடலைத் தேர்ந்தெடுத்தேன்.

உள்ளே ஓடும் கணக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆழத்தில் உடம்பில் கரையும் நைட்ரஜன் எவ்வளவு, ஏறும்போது எவ்வளவு வேகமாக வெளியேறும் என்பதை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் நம் கையில் இல்லை. கம்ப்யூட்டர் ஆழத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்குத்தான் போடுகிறது. உடம்பை வேகமாக நிறையும் திசு, மெதுவாக நிறையும் திசு என்று பிரிக்கும் இந்த வழியைத் தொடங்கி வைத்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்; ஆடுகளை வைத்துச் சோதித்து 1908-இல் வெளியிட்டார். இன்று பல கம்ப்யூட்டர்களில் ஓடுவது சூரிச்சில் ஆல்பர்ட் ப்யூல்மன் உருவாக்கிய கணக்கு. அதில் 16 திசுப் பிரிவுகள். அதன் மேல் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ள முடியும். 45/95, 40/85, 35/75 என்று இரண்டு எண்களாகக் காட்டுவார்கள். எண்கள் குறையக் குறைய எச்சரிக்கை கூடும், கீழே இருக்கும் நேரம் குறையும். சில நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வதில்லை. நான் அப்படிப்பட்டதை வாங்க மாட்டேன். நானும் கூட்டாளியும் ஒரே ஆழத்தில் இருக்கும்போது மீதமுள்ள தடையற்ற நேரம் அவர் கம்ப்யூட்டரில் 14 நிமிடம், என்னுடையதில் 8 நிமிடம் என்று காட்டினால், ஏன் என்று மேலே வந்து பேசிப் புரிந்துகொள்ள முடிய வேண்டும். தண்ணீருக்குள் எப்போதும் குறைவான எண்ணைத்தான் இருவரும் கேட்கிறோம்.

ஒரு கம்ப்யூட்டரை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளக் கூடாது. காலையில் ஒருவர் கட்டிய கம்ப்யூட்டரை மதியம் இன்னொருவர் கட்டக் கூடாது, அது காலையில் போனவரின் நைட்ரஜனைத்தான் நினைவில் வைத்திருக்கும். கம்ப்யூட்டர் சொன்ன ஆழத்தில் நிற்காமல் ஏறிவிட்டால் சில மாடல்கள் 24 மணி நேரம், சில 48 மணி நேரம் பூட்டிக்கொள்ளும். அதையும் வாங்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

வயர்லெஸ் தருகிற அருமையான விஷயம், இந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடத்துக்குக் காற்று இருக்கிறது என்ற கணக்கு. புதியவர்கள் இதைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். அது கடந்த சில நிமிட மூச்சை வைத்துப் போடும் கணக்கு. நீரோட்டத்தை எதிர்த்து இரண்டு நிமிடம் உதைத்தால் 25 என்று இருந்தது 12 ஆகிவிடும், ஓய்ந்தால் மறுபடி ஏறும். இறங்கியவுடன் பார்த்தால் இன்னும் குழப்பம். வெயிலில் 40 டிகிரியில் கிடந்த சிலிண்டர் 25 டிகிரி தண்ணீருக்குள் போனால், ஒரு மூச்சு இழுக்காமலே 200 பாரில் 10 பார் குறையும். கம்ப்யூட்டர் அதையும் உங்கள் மூச்சுக் கணக்கில் சேர்த்துவிடலாம்.

அதனால் என் அக்கா மகளைக் காகிதத்தில் போடச் சொன்னேன். 12 லிட்டர் சிலிண்டர், 200 பார். 50 பாரோடு மேலே வர வேண்டும் என்றால் செலவழிக்க 150 பார், அதாவது 1800 லிட்டர். அவள் மேலே நிமிடத்துக்குச் சுமார் 22 லிட்டர் மூச்சு விடுகிறாள். 18 மீட்டரில் 2.8 மடங்கு, ஏறக்குறைய 62 லிட்டர். 29 நிமிடம். இறங்கி ஏறும் செலவையும், கூட்டாளிக்குக் கொடுக்க வேண்டி வந்தால் என்ற கணக்கையும் கழித்தால் 20 நிமிடம் என்று அவளே முடிவுக்கு வந்தாள். படகில் ஏறுவதற்கு முன்பே இந்த எண் தலையில் இருக்க வேண்டும். திரையில் வருவது அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஒத்துப்போகாவிட்டால் இரண்டில் குறைவானது எதுவோ அது.

மாட்டும் முறையைப் பற்றி இரண்டே வார்த்தை. டிரான்ஸ்மிட்டரை இறுக்கும்போது அடியில் இருக்கும் உலோக அறுகோணத்தில் ஸ்பேனர் வைக்க வேண்டும், பிளாஸ்டிக் உடம்பைப் பிடித்துத் திருகக் கூடாது. கம்ப்யூட்டர் கட்டும் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துத் துளையில் மாட்டினால் தொடர்பு நன்றாக இருக்கும். மாட்டிய பிறகு அது பார்ப்பதற்கு அப்படியே கைப்பிடி மாதிரி இருக்கும். உதவிக்கு வருபவர்கள் அதைப் பிடித்து சிலிண்டரைத் தூக்கிவிடுவார்கள். நான் படகில் ஏறியதும் முதலில் சொல்வது அதைத் தொடாதீர்கள் என்றுதான். பேட்டரி மாற்றும்போது ஓ-ரிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பதை நான் மேலே சொன்ன தலைமுடியே சொல்லிவிட்டது.

என் அக்கா மகள் கடைசியில், பெரிய எண் காட்டுகிற, கணக்கு என்னவென்று சொல்கிற, டிரான்ஸ்மிட்டரைப் பின்னால் சேர்க்க முடிகிற ஒன்றை எடுத்திருக்கிறாள். அடுத்த வருடம் சொந்த ரெகுலேட்டர் வாங்கியதும் டிரான்ஸ்மிட்டர். கேஜ் எங்கே தொங்க வேண்டும், குழாய் எவ்வளவு நீளம் இருந்தால் பாறையில் சிக்காது என்று இப்போதே அளந்து வைத்திருக்கிறாள்.

உங்கள் கட்டுரையாளர் டைவிங் மேல் ஆசையோடுதான் எழுதியிருக்கிறார், அது படிக்கும்போதே தெரிகிறது. மற்றவை எல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த ஒரு வரிக்கு மட்டும், வரும் ஞாயிறு இணைப்பிதழிலேயே, அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடும்படி வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். முதல் தடவை கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் கத்தரித்து வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
கருவிப் பராமரிப்புத் தொழிலாளி ஒருவர்